மகன் வெயிட்லிஸ்ட்டில் இருக்கிறான்: மே 1க்குள் என்ன செய்வது?

கடிதத்தின் சுருக்கம்

நியூஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். திருச்சியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் குடியேறிய குடும்பம். கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். மகனுக்கு வயது 17, அங்கேயே பிறந்தவன், பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கிறான். மகள் எட்டாம் வகுப்பு. உயிரியல் படிக்க விரும்பும் மகன் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தான். ஐந்து மறுத்துவிட்டன, மூன்று ஏற்றுக்கொண்டன. அந்த மூன்றில் ஒன்று மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ். அவன் பெரிதும் விரும்பிய தனியார் பல்கலைக்கழகம் மட்டும் அவனை வெயிட்லிஸ்ட்டில், அதாவது இடம் காலியானால் அழைப்பதற்கான காத்திருப்புப் பட்டியலில், வைத்திருக்கிறது.

மார்ச் கடைசியில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் பல்கலைக்கழகம் சேர்க்கை முடிவைத் தெரிவிக்கும் இணையப் பக்கமான போர்ட்டலைத் திறந்து பார்க்கிறான். மே மாதத் தொடக்கத்தில் ஏபி தேர்வுகள் (பள்ளியிலேயே கல்லூரி அளவிலான பாடங்களில் எழுதுபவை) இருந்தும் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு நாள், "நான் எதற்கும் லாயக்கில்லை, அம்மா" என்றானாம். ரட்கர்ஸுக்கு டெபாசிட், அதாவது சேர்வதை உறுதி செய்யும் முன்பணம், கட்டினால் வெயிட்லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று எண்ணிக் கணவர் பணம் கட்டாமல் வைத்திருக்கிறார். 4,000 டாலர் கொடுத்தால் "உள்ளே பேசி" இடம் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் சொல்கிறது. அதே பள்ளியில் படிக்கும் குடும்ப நண்பரின் மகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் அவளுடைய மதிப்பெண் இவனுடையதைவிட 30 குறைவு. "அவள் எங்கள் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொண்டாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை" என்கிறார் தாய். காத்திருக்கலாமா, யாரையாவது பிடித்துப் பேசலாமா, ஊரிலிருந்து தினமும் போனில் விசாரிக்கும் மாமனாருக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். "எதற்கும் லாயக்கில்லை" என்று மகன் சொன்னது நடுவே ஒரே வரியில் வந்து போகிறது. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. ஏமாற்றம் வந்த சூட்டில் பிள்ளைகள் இப்படிப் பேசுவது உண்டு. பெரும்பாலானவர்கள் சில நாட்களில் தேறிவிடுவார்கள். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த வேலைகளிலும் நாட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ தள்ளிவிடக் கூடாது. உங்கள் மகன் அந்த எல்லைக்கு வந்துவிட்டான்.

இன்றிரவே அவன் அருகில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்: "உயிரோடு இருக்க வேண்டாம் என்று உனக்கு எப்போதாவது தோன்றுகிறதா?" இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பல பெற்றோர் இதைக் கேட்க அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். "ஆம்" என்றாலோ, பதிலை மழுப்பினாலோ அவனைத் தனியே விடாதீர்கள். 988 என்ற எண்ணை அழைக்கலாம். அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அமெரிக்கா முழுவதற்கும் இரவு பகலாக இயங்கும் உதவி எண் அது. வீட்டிலிருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். உடனடி ஆபத்து என்று பட்டால் அவசர உதவி எண்ணான 911. "இல்லை" என்று அவன் தெளிவாகச் சொன்னாலும், இந்த வாரமே அவனுடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பள்ளிக் கவுன்சிலரிடம் சொன்னால் மற்ற பெற்றோருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிறீர்கள். மாணவர்களின் மனநிலை பற்றி ஊரெல்லாம் பேசுவது அவர் வேலை இல்லை. மே மாதம் வெயிட்லிஸ்ட் பற்றிப் பல்கலைக்கழகத்தோடு முறைப்படி பேசக்கூடியவரும் அவர்தான். இரண்டு காரணங்களுக்காகவும் அவர் உங்களுக்கு வேண்டும்.

பட்டியலில் எண் கிடையாது

உங்கள் கணவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். போன ஆண்டு வெயிட்லிஸ்ட்டிலிருந்து இத்தனை பேரை எடுத்தார்கள்; மகனுடைய மதிப்பெண்ணுக்கு அவன் முதல் ஐம்பதுக்குள் இருப்பான்; ஆகவே மே கடைசியில் கட்டாயம் வந்துவிடும். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நாம் ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்கள். வெயிட்டிங் லிஸ்ட் 42 என்றால், முன்னால் இருப்பவர்கள் ரத்து செய்யச் செய்ய அது 30 ஆகும், பிறகு ஆர்ஏசி, சார்ட் போடும்போது பெர்த். பொறியியல் கலந்தாய்விலும் கட்-ஆஃப், தரவரிசை, வரிசைப்படி அழைப்பு என்று எல்லாமே எண்ணில்தான் நடக்கும்.

அமெரிக்காவில் கடும் போட்டியுள்ள பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெயிட்லிஸ்ட்டுக்கு வரிசை எண் வைப்பதே இல்லை. இடம் கிடைத்த மாணவர்கள் வருவதாக உறுதி சொல்ல வேண்டிய கடைசி நாள் வழக்கமாக மே 1. அது முடிந்ததும் எத்தனை பேர் உறுதி சொன்னார்கள் என்று எண்ணுவார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் பட்டியலைத் திறக்கவே மாட்டார்கள். குறைந்திருந்தால், எந்தப் பக்கம் குறைந்தது என்று பார்ப்பார்கள். பொறியியலில் இருபது இடம் காலியாக இருந்து உயிரியல் நிறைந்திருந்தால், உங்கள் மகன் எவ்வளவு நல்ல மாணவனாக இருந்தாலும் அந்த இருபதில் அவனுக்கு இடம் இல்லை. எந்த மாநிலத்திலிருந்து ஆள் குறைவு, எந்தத் துறையில் குறைவு, பல்கலைக்கழக இசைக்குழுவில் எந்த வாத்தியம் வாசிக்க ஆள் இல்லை என்பதுவரை பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். இதில் "முதல் ஐம்பது" என்ற ஒன்று இல்லை.

எண்ணிக்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2018ஆம் ஆண்டுச் சேர்க்கையைப் பற்றி எடுத்த கணக்கில், வெயிட்லிஸ்ட்டில் தொடர ஒப்புக்கொண்டவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. போட்டி அதிகமுள்ள கல்லூரிகளில் அது 7 சதவீதம். சராசரி என்பதால் இதையும் முழுதாக நம்பிவிட முடியாது. கோவிட் பரவிய 2020இல் ஸ்டான்ஃபோர்டு தன் வெயிட்லிஸ்ட்டிலிருந்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. இரண்டே ஆண்டு கழித்து எடுத்தது பத்துக்கும் குறைவு. மாணவர்களின் தரம் அந்த இரண்டு ஆண்டில் மாறிவிடவில்லை, காலி இடங்கள்தான் மாறின. நீங்கள் காத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் விவரத்தையும் பார்க்கலாம். "காமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி2 என்ற பகுதியில் எத்தனை பேருக்கு வெயிட்லிஸ்ட் கொடுத்தார்கள், எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். உங்கள் கணவர் ஓர் ஆண்டை மட்டும் பார்த்திருக்கிறார். ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் அவரிடம் பேசுவது போல நான் பேச முடியாது.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெயிட்லிஸ்ட்டில் பெயர் இருக்கட்டும். ஆனால் வீட்டில் எல்லோரும் இதை "கிடைக்கவில்லை" என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஜூனில் அழைப்பு வந்தால் அன்றைக்கு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

டெபாசிட்டைக் கட்டிவிடுங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த தவறான நம்பிக்கை இதுதான். ரட்கர்ஸில் டெபாசிட் கட்டினால் வெயிட்லிஸ்ட்டில் பெயர் போகாது. வெயிட்லிஸ்ட்டில் உள்ளவர்கள் வேறோர் இடத்தில் உறுதி சொல்லி வைத்திருப்பார்கள் என்பது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும். அப்படிச் செய்யும்படி அவர்களே அறிவுறுத்துகிறார்கள். முறையற்றது எது என்றால், இடம் கொடுத்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் ஒரே நேரத்தில் டெபாசிட் கட்டி இரண்டிலும் வருவதாகச் சொல்வது. அது தெரியவந்தால் இரண்டும் கைநழுவலாம். நீங்கள் செய்யப்போவது அது இல்லை.

மே 1 தாண்டினால் ரட்கர்ஸ் இடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. விடுதி அறையும் தாமதமாகும். வெயிட்லிஸ்ட்டிலிருந்து அழைப்பு வந்து அங்கே போவதாக முடிவெடுத்தால், கட்டிய டெபாசிட் திரும்ப வராது. சில நூறு டாலர் நட்டம். கையில் இருக்கும் சேர்க்கையைக் காப்பதற்கு அது கொடுக்கத் தகுந்த விலைதான். கடைசி நாள் இரவு கட்டலாம் என்று தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே மகனை உட்காரவைத்து அவன் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். அவனை ஏற்றுக்கொண்ட மற்ற இரண்டையும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் சரி. முடிவு அவனுடையதாக இருக்க வேண்டும்.

ஏபி தேர்வையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வருகின்றன. அவற்றில் நல்ல மதிப்பெண் பெற்றால் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் கிடைக்கும். முதல் ஆண்டுப் பாடங்களில் ஒன்றிரண்டைத் தாண்டிப் போகலாம். கடைசிப் பருவ மதிப்பெண் மோசமாகச் சரிந்தால், கொடுத்த சேர்க்கையைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெறவும் முடியும். வெயிட்லிஸ்ட்டில் வைத்த பல்கலைக்கழகமும் அந்த மதிப்பெண்ணைத்தான் கேட்கும். எங்கே சேர்வதாக இருந்தாலும் அவனுக்கு இந்த மே மாதம் வேண்டும்.

அவன் எழுத வேண்டிய ஒரே கடிதம்

யாரையாவது பிடித்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தினமும் போன் செய்வது, நான்கு பழைய மாணவர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்புவது, பரிசுப் பொருள் அனுப்புவது, இவை எதுவும் உதவாது. சில இடங்களில் கெடுக்கும். முதலில் போர்ட்டலில் உள்ள வெயிட்லிஸ்ட் அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். கூடுதலாக எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சில பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. அப்படி இருந்தால் அதை மதிக்க வேண்டும். படிவம் கொடுத்திருந்தால் படிவத்தில் மட்டும் எழுத வேண்டும். கடிதம் அனுப்பலாம் என்றிருந்தால் ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள், அவனே எழுதியது.

அதில் என்ன எழுதுவது? விண்ணப்பத்தில் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. ஜனவரிக்குப் பிறகு புதிதாக என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். "புதிதாக ஒன்றும் இல்லை" என்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஓர் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஆம்புலன்ஸ் குழுவில் தொண்டனாகப் போய் நேரத்தை வீணாக்குகிறான், பிப்ரவரியில்கூட ஏதோ பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உயிரியல் படித்து மருத்துவத்தின் பக்கம் போக நினைக்கும் பையனிடம் இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்க முடியும்? பனியில் நின்று வயதானவர்களை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருப்பான். ரத்தத்தைப் பார்த்திருப்பான். அந்தப் பயிற்சியில் என்ன கற்றான், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது, அதிலிருந்து எந்தக் கேள்வி அவன் மனதில் எழுந்தது, அந்தக் கேள்வியைத் தொடர அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரின் ஆய்வு பொருத்தம் என்று எழுதினால் போதும். நோயாளிகளின் பெயரோ அடையாளமோ வரக் கூடாது. "இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன்" என்பதை மனதார அப்படி நினைத்தால் மட்டும் எழுத வேண்டும். உங்கள் கணவர் திருத்தலாம், எழுத்துப் பிழை பார்க்கலாம். எழுதிக் கொடுக்கக் கூடாது. பதினேழு வயதுப் பையனின் குரலையும் நாற்பத்தெட்டு வயது மேலாளரின் குரலையும் படிப்பவர்கள் பிரித்துவிடுவார்கள்.

கடிதம் அனுப்புவதோடு உங்கள் பக்க வேலை முடிந்தது. மே மாதம் பள்ளிக் கவுன்சிலர் ஒரு முறை தொடர்பு கொண்டு, மகனுக்கு இன்னும் விருப்பம் இருப்பதைத் தெரிவிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அந்த 4,000 டாலர் நிறுவனத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பணம் கொடுக்காதீர்கள். "உள்ளே பேசி" இடம் வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் ஒன்று பொய், இல்லையென்றால் குற்றம். 2019இல் வெளிவந்த "வார்சிட்டி ப்ளூஸ்" வழக்கில் இப்படிப் பின்வாசல் வழியே பிள்ளைகளைச் சேர்க்கப் பணம் கொடுத்த வசதியான பெற்றோர் பலர் சிறைக்குப் போனார்கள்.

அந்தப் பெண் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நண்பரின் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் எஸ்ஏடியில் 30 மதிப்பெண் வித்தியாசம் என்பது, ஒரே பையன் இரண்டு சனிக்கிழமைகளில் எழுதினாலே வரக்கூடிய வித்தியாசம். அவள் எந்தத் துறைக்கு விண்ணப்பித்தாள், கட்டுரையில் என்ன எழுதினாள், ஆசிரியர்கள் அவளைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு அவன் அந்த நட்பை இழந்துவிடக் கூடாது. இந்த மாதத்தில் அவனுக்கு நண்பர்கள்தான் மிகவும் தேவை. அவள் பெற்றோரை அழைத்து வாழ்த்துச் சொல்லுங்கள். கடினம்தான், தெரியும். ஆனால் அந்த ஒரு போனுக்குப் பிறகு உங்கள் வீட்டின் இறுக்கம் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

அங்கே படிக்காவிட்டால் என்ன இழப்பு?

"எங்கே படித்தாலும் ஒன்றுதான்" என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். ஆய்வுகள் சொல்வதை உள்ளபடியே தருகிறேன். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரித் தகுதியும் ஒரே மாதிரி ஆசையும் உள்ள மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெயர்பெற்ற கல்லூரிக்குப் போனவர்களும் அவ்வளவு பெயர் பெறாத கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரியால் பலன் தெரிந்தது.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் செய்த ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஐவி லீக் எனப்படும் எட்டுப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோவும் சேர்ந்த பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில், வெயிட்லிஸ்ட்டில் இருந்து இடம் கிடைத்தவர்களையும் வெயிட்லிஸ்ட்டில் இருந்து இடம் கிடைக்காதவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அதாவது உங்கள் மகன் நிலையில் நின்றவர்களை. சராசரி வருமானத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் வருமானத்தின் உச்சியிலுள்ள ஒரு சதவீதத்தை எட்டும் வாய்ப்பும், தலைசிறந்த மேற்படிப்பு நிறுவனங்களில் சேரும் வாய்ப்பும் உள்ளே போனவர்களுக்குக் கூடுதலாக இருந்தன. அந்த வாசல் சில உயரங்களுக்குப் போகும் பாதையைச் சுலபமாக்குகிறது. நல்ல வாழ்க்கைக்கும் நல்ல வருமானத்துக்கும் அது கட்டாயம் இல்லை.

ரட்கர்ஸைப் பற்றி உங்கள் கணவர் "வேறு வழியில்லாதவர்கள் போகும் இடம்" என்று மகன் காதில் விழும்படி சொன்னாராம். 1766இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது அங்கேதான். 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர் அடித்தள ஆய்வகம் ஒன்றில் அதைப் பிரித்தெடுத்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன், உக்ரைன் பக்கத்திலிருந்து குடியேறி ரட்கர்ஸிலேயே இளநிலைப் பட்டம் படித்தவர். 1952இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரில் நுண்ணுயிரியல் ஆய்வு நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்த்துவிடும் அரெஸ்டி ஆய்வு மையமும் இருக்கிறது. உயிரியல் படிக்கப் போகிறவனுக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை. முடிந்தால் இந்த மாதத்திலேயே ஒரு வார நாளில் அவனை ரட்கர்ஸ் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கு அழைத்துப் போய், ஓர் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஓராண்டு படித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேட்கும் வழியும் உண்டு. கார்னெல் போன்ற இடங்கள் ஆண்டுதோறும் பல நூறு பேரை அப்படி எடுக்கின்றன. வேறு சில விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எடுக்கின்றன. ஆனால் செப்டம்பரில் உள்ளே நுழையும்போதே வெளியேறும் நினைப்போடு நுழைபவர்களுக்கு நண்பர்களும் அமைவதில்லை, மதிப்பெண்ணும் வருவதில்லை. அந்தப் பேச்சை டிசம்பர் வரை எடுக்காதீர்கள்.

அழைப்பு வந்தால்

வெயிட்லிஸ்ட் அழைப்புகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வரும். ஜூலைக்குத் தள்ளிப்போவதும் உண்டு. பதில் சொல்லச் சில நாட்களே கிடைக்கும், சில இடங்களில் ஓரிரு நாள்தான். அந்த அவசரத்தில் பணத்தைப் பற்றி யோசிக்க முடியாது. ஆகவே இப்போதே பேசிவிடுங்கள். பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. ரட்கர்ஸில் நியூஜெர்சியிலேயே வசிக்கும் மாணவருக்கு விடுதி, சாப்பாடு சேர்த்தும் அதில் பாதிகூட ஆகாது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் நிகர விலைக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்; அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கமான சேர்க்கையில் குடும்ப வருமானத்தைப் பார்க்காத சில கல்லூரிகள் வெயிட்லிஸ்ட்டில் மட்டும் பார்க்கின்றன. உதவித்தொகை விவரத்தை எழுத்தில் பார்த்த பிறகே பதில் சொல்வோம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான்கு ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்க முடியும், எட்டாம் வகுப்பு மகளுக்கு எவ்வளவு மிச்சம் வேண்டும் என்பதை நீங்களும் கணவரும் முதலில் பேசி, பிறகு மகனிடம் தொகையாகவே சொல்லிவிடுங்கள். "உனக்காக எதையும் விற்போம்" என்று கணவர் சொல்வது பாசம்தான். ஆனால் அதைக் கேட்கும் பிள்ளைக்கு, இடம் கிடைக்காததோடு வீட்டை விற்கவைக்கும் பாரமும் சேர்ந்துகொள்கிறது. அழைப்பு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கிறது. ஜூனுக்குள் அவன் ரட்கர்ஸை விரும்பத் தொடங்கியிருக்கலாம். அப்போது நீங்கள் பழைய ஆசையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

வீட்டுக்குள்

போர்ட்டலை இனி அவன் மட்டுமே திறக்கட்டும். நீங்களும் கணவரும் கடவுச்சொல்லை மறந்துவிடுங்கள். முடிவு வந்தால் மின்னஞ்சலோ போனோ வரும். இரவு இரண்டு மணிக்கு எந்தச் சேர்க்கை அலுவலகமும் திறந்திருப்பதில்லை. இரவில் போன் சமையலறையில் சார்ஜ் ஆகட்டும், உங்கள் இருவரின் போனும் சேர்த்து.

அவன் வருத்தப்படட்டும். "இதற்கெல்லாம் அழுவார்களா" என்பதும், "எல்லாம் நன்மைக்கே" என்பதும் இப்போது வேண்டாம். "நீ இவ்வளவு உழைத்தும் கிடைக்கவில்லை என்பது எங்களுக்கும் வலிக்கிறது" என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். கணவர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். தனக்கு ஐஐடி கிடைக்காமல் போனதை இன்றும் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மகனுக்கு எச்சரிக்கையாகச் சொன்னது போதும். அதன் பிறகு எந்தக் கல்லூரிக்குப் போனார், அங்கே யார் நண்பர்களானார்கள், எதைப் படிக்கப் பிடித்தது என்பதைச் சொல்லட்டும். அந்தப் பாதி உங்கள் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்துவருவதாகவும், சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டுதலை விட வேண்டாம். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு மகனின் உடம்பையும் மனதையும் வையுங்கள். அவனிடம் தினமும் அதைச் சொல்லவும் வேண்டாம்; அம்மனிடம் போட்ட வேண்டுதல் பலிக்காததற்கும் தானே காரணம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, மாமனார். பேரன் ரட்கர்ஸில் உயிரியல் படிக்கப் போகிறான், செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்பதுதான் அவருக்கான பதில். அது உண்மை, முழுமையான செய்தியும்கூட. வெயிட்லிஸ்ட்டைப் பற்றி அவரிடம் விளக்கத் தொடங்கினால் தினமும் "அது என்ன ஆயிற்று" என்று கேட்பார், அவர் மேல் தவறு சொல்ல முடியாது. போன் செய்வதற்கு முன் மகனிடம், "தாத்தாவிடம் நீ சொல்கிறாயா, அப்பா சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். அவன் சொல்ல விரும்பாவிட்டால், உங்கள் கணவரே தன் தந்தையை அழைத்துச் செய்தியைச் சொல்லி, "அப்பா, கல்லூரியைப் பற்றி அவனிடம் கொஞ்ச நாள் கேட்க வேண்டாம்" என்று சொல்லட்டும். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். மருமகளான உங்கள் தலையில் அந்த வேலையையும் கட்டக் கூடாது.